புகைஞானியின் பாட்டில் தீர்ப்பு

மண்டபத்தில் எள் விழ இடமில்லை. புகைஞானி வந்திருக்கிறார்! எந்த நகரம் கரிப்புகையை எவ்வளவு குறைத்தது என்று ஒரே நொடியில் சொல்லிவிடும் மகான். நகரங்கள் தங்கள் காற்றைப் பச்சைப் பாட்டிலில் அடைத்து அனுப்ப வேண்டும். அதன்மேல் நூலில் கட்டிய குண்டைத் தொங்கவிடுவார். வட்டமடித்தால் புண்ணிய நகரம். குறுக்கே ஆடினால் பாவ நகரம். விஞ்ஞானம் இவ்வளவு சுலபமான பிறகு பள்ளிக்கூடம் எதற்கு, பூட்டிவிடலாம்.

இந்த ஊர் இரண்டு வருடமாகப் பாவ நகரம். பக்கத்துப் பெருநகரத்துக்கு வேண்டிய இரும்பை உருக்கிக் கொடுப்பது இந்த ஊர்தான். புகை இங்கே, புண்ணியம் அங்கே. மூன்றாவது முறையும் பாவம் என்றால் பரிகாரமாக ஊர்ப் பேருந்தையே நிறுத்திவிடுவதாக நகரத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் காற்றுப் பிடித்த அன்று எல்லாரும் அரை மூச்சுதான் விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் உத்தரவு. அப்படியே விட்டார்கள். மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள்.

வீடு வீடாக மின் மீட்டர் பார்க்கும் மீட்டர் அக்காவுக்கு வயிறு எரிந்தது. சிறுநீரகம் கெட்டுப்போன அவள் தங்கை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போவது அந்தப் பேருந்தில்தான். பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். ஒட்டினாள். கூடவே தன் கைவரிசையையும் காட்டினாள்.

பெருநகரத்தின் பாட்டில் முதலில் வந்தது. குண்டு கிறுகிறுவென்று வட்டமடித்தது.

"ஆகா! மழை பெஞ்ச காட்டுக் காத்து! ஒரு பொட்டுக் கரி இல்ல!" என்றார் ஞானி.

அடுத்தது இந்த ஊர்ப் பாட்டில். குறுக்கே ஆடியது.

"ஐயோ, நெஞ்சைக் கரிக்குதே!"

தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மீட்டர் அக்கா மேடை ஏறினாள்.

"சாமி, அந்தக் காட்டுக் காத்தைத் திறந்து கொஞ்சம் மோந்து பாருங்களேன்."

"திறந்தா சக்தி போயிடும்மா!"

"போனா போகட்டும்."

அவர் மூக்குக்கு நேராக மூடியைத் திருகினாள். ஞானி இருமிய இருமலில் குண்டு கூட்டத்துக்குள் போய் விழுந்தது. முன்வரிசை முழுக்க மூக்கைப் பொத்தியது.

"இது உங்க ஏசிக்காக வெளிய ஓடுற டீசல் ஜெனரேட்டர் புகை. நான்தான் பிடிச்சு அடைச்சு வெச்சேன். நீங்க காத்தையா பாத்தீங்க? லேபிளைத்தானே பாத்தீங்க! இன்னும் நாலு பாட்டில் இருக்கு, லேபிளைக் கிழிச்சிட்டுத் தரேன். எது எந்த ஊருன்னு உங்க குண்டு சொல்லட்டும்."

குண்டு சொல்லவில்லை. ஞானிக்குத் திடீரென்று வயிறு சரியில்லாமல் போய், பின்வாசல் வழியாக ஓடினார்.

அக்கா தலைவர் பக்கம் திரும்பினாள். "இந்தாங்க, அஞ்சு வருஷ மீட்டர் புத்தகம். ஆளுக்கு எரிக்கிற கரண்டு நம்மூர்ல கால்வாசி குறைஞ்சிருக்கு. அவங்க ஊரையும் இதே மாதிரி எண்ணுங்க. அவங்க கட்டடத்துக்கு உருக்கின இரும்போட புகையை அவங்க பேர்ல எழுதுங்க. அப்புறம் சொல்லுங்க, யார் குறைச்சாங்கன்னு. பஸ்ஸை நிறுத்தினா ஆளுக்கொரு வண்டி ஓட்டுவாங்க, புகைதான் கூடும்!"

தலைவர் தலையைச் சொறிந்தார். பேருந்து ஓடும் என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லவைத்த பிறகுதான் அவள் இறங்கினாள்.

கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. "தாயே! அந்தப் புத்தகத்தை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கறோம்!" முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தடாலென்று காலில் விழுந்தார்.

"எழுந்திரிங்கய்யா! கும்பிடவா எழுதினேன்? பிரிச்சுப் படிங்க. நான் தப்பா எழுதியிருந்தா, என்னையும் மேடையேத்திக் கேளுங்க!"