மூணடி டீச்சரும் உபயப் பலகையும்

புதுக்கோட்டைச் சீமையில் வழக்காட ஆள் தேடியவர்கள் உண்டு, சம்பந்தம் பேச ஆள் தேடியவர்கள் உண்டு. எதிர்த்து விளையாட ஆள் தேடியே பாதி வருஷத்தை ஓட்டியவர் எங்கள் மூணடி டீச்சர் ஒருவர்தான்.

பெயரைக் கேட்டுக் குள்ளமான ஒருவரை எதிர்பார்த்து வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். எங்கள் பள்ளிக்கூட வாசற்படியில் அவர் குனிந்துதான் நுழைவார். நெட்பால் விளையாட்டில், பந்து வைத்திருப்பவரை மூன்றடிக்குள் யாரும் நெருங்கக் கூடாது. அந்த விதியை அவர் அன்னவாசல் பஸ்ஸுக்குள்ளும் அமல்படுத்தப் பார்த்தார். “மூணடி தள்ளி நில்லுங்க” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல, “மூணடி வேணும்னா தனியா பிளஷர் காருதாங்க வைக்கணும்” என்றார் கண்டக்டர். பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

நான் அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீசை போய்க் கிலோ வந்த சமயம், ஆகவே அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. தனி மாவட்டமானது 1974-இல்தான். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோவதற்கு முன்னால், சிலோனிலிருந்து கப்பலில் அங்கே வந்து இறங்கி, ரயிலேறி வந்தவர் அவர். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் பந்து.

அவருடைய தாத்தா அன்னவாசல் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. டீச்சர் பிறந்தது, படித்தது, பந்து பிடித்தது எல்லாம் அங்கேதான். சிலோன் என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த நாட்டுக்காக ஆடினார். பிறகு, நீங்கள் எங்கள் பிரஜை இல்லை என்று அந்த நாடு சொல்லிவிட்டது. தாயகம் திரும்பியவர் என்று இங்கே காகிதத்தில் எழுதினார்கள். “நான் இங்கிட்டு வந்ததே இல்லையே, எப்படித் திரும்புறது?” என்று அதிகாரியிடமே கேட்டாராம்.

சர்வதேச ஆட்டக்காரர் என்றதும் நாங்கள் மெடல் பார்க்க ஆசைப்பட்டோம்.

“ரெண்டு மேட்ச் ஆடினேன். ரெண்டுலயும் தோத்துப்போனோம்” என்றார் கம்பீரமாக.

“எத்தனை கோல் போட்டீங்க?”

“நான் போடுற ஆள் இல்லைங்க. தடுக்கிற ஆள்.”

நெட்பாலில் பந்தோடு ஓடக் கூடாது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டும் போகக் கூடாது. கைக்கு வந்த பந்தை மூன்று செகண்டுக்குள் அடுத்தவருக்கு எறிந்துவிட வேண்டும். டீச்சர் வாழ்க்கையையே அப்படித்தான் நடத்தினார். காபி டம்ளரைக் கையில் வாங்கினால் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டார். தையல் டீச்சர் தன் கைக்குழந்தையைப் பெருமையாக அவரிடம் நீட்ட, குழந்தை அடுத்த நிமிஷம் என்னிடம் இருந்தது. நானும் பழக்கதோஷத்தில் ஆயாவிடம் கொடுத்துவிட்டேன்.

கல் ஊன்றி இரண்டு கம்பம் நட்டு, உச்சியில் தலைக்கொரு வளையம் மாட்டினார். மாணவிகளில் ஒரு அணி தயார். எதிரணிதான் இல்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் எழுதிப் போட்டார். ஒன்றிரண்டு பதில்கள் வந்தன. அது என்ன விளையாட்டு என்று கேட்டிருந்தார்கள். கடைசியில் எங்களையே இடுப்பில் சேலையைச் செருகச் சொல்லி எதிரணி ஆக்கினார். ஊசியில் நூல் கோக்கிற கண் என்பதால் தையல் டீச்சர் கோல் போடும் ஆள். பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, தடுப்பு. அவர் கைக்குப் பந்து போனால் மாணவிகள் மூன்றடி என்ன, முப்பதடி விலகி நின்றார்கள். விசில் என்னிடம் வந்தது. மூன்று வரை எண்ணத் தெரியும் என்பதுதான் என் தகுதி.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் பொங்கல் லீவு வந்தது.

பள்ளிக் கமிட்டித் தலைவர் எண்ணெய் மில் வைத்திருந்தார். நல்ல மனுஷர். திருச்சியில் கூடைப்பந்து பார்த்திருக்கிறார். எங்கள் கம்பங்களில் வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லாததைக் கண்டு, பாவம், காசில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று மனம் இளகி, லீவிலேயே ஆசாரியை வைத்து இரண்டு பலகை அடித்துவிட்டார். தேக்கு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பு எழுத்தில் ‘உபயம்’ என்று போட்டு அவர் பெயர், அவர் அப்பா பெயர், மில்லின் பெயர்.

லீவு முடிந்து வந்த டீச்சர் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நெட்பாலுக்குப் பலகை கிடையாது. பலகையில் பட்டுப் பந்து உள்ளே விழுந்தால் அது வேறு ஆட்டம்.

“கழட்டணுங்க” என்றார்.

பெரிய டீச்சருக்கு வியர்த்துவிட்டது. மூணடி டீச்சருடைய சிலோன் சர்ட்டிபிகேட்டைக் கல்வி இலாகா இன்னும் ஏற்கவில்லை. கமிட்டி ஆர்டரில்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஜூனில் அதைப் புதுப்பிக்க வேண்டும். குடியரசு தினத்தன்று தன் பலகையில் பந்து விழுவதைப் பார்க்கத் தலைவரே வருவதாகச் சொல்லியிருந்தார்.

“கையெழுத்துப் போடப்போறவரே அவருதான் டீச்சர். பலகைதானே, இருந்துட்டுப் போகட்டுமே.”

“நாட்டைத்தான் மாத்தியாச்சு. ஆட்டத்தையும் மாத்திட்டா எங்கிட்ட என்னங்க மிச்சம் இருக்கு?”

அன்று சாயங்காலமே ஏணி வைத்துப் பலகைகள் இறங்கின. உபயப் பெயரை இறக்குவது எங்கள் ஊரில் மாலை போட்டவரிடமே மாலையைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. இந்த வேலை போனால் அவர் போவதற்கு மூன்றாவது நாடு எதுவும் இல்லை. டீச்சர் என்னிடம் வந்து, கரும்பலகைக்குப் பூசக் கோவையிலையும் கரியும் அரைத்தது மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

குடியரசு தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தபின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். மொட்டைக் கம்பங்களைப் பார்த்தார். பெரிய டீச்சரைப் பார்த்தார்.

“எம் பலகை எங்கம்மா?”

பெரிய டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மைதானத்தின் ஓரத்தை ஆயா கை நீட்டிக் காட்டிவிட்டார். அங்கே இரண்டு பலகைகளும் நான்கு முளைகளின்மேல் நிமிர்ந்து நின்றன. மேலே சிவப்பில் அவர் பெயர் அப்படியே. கீழ்ப்பாதி மட்டும் கன்னங்கரேலென்று. ஒன்றில் மாணவிகள், மற்றதில் டீச்சர்கள், இரண்டிலும் சாக்கட்டியால் ஒரு பூஜ்யம்.

தலைவர் முகம் இறுகியே இருந்தது. ஆட்டம் தொடங்கியது. முதல் கோல் விழுந்ததும் எண்ணிக்கை பார்க்க ஊர்க்கூட்டம் மொத்தமும் பலகைப் பக்கம் திரும்பியது. இரண்டாவதுக்கும் திரும்பியது. மூன்றாவதுக்குத் தலைவர் பலகையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, ஒவ்வொரு தடவையும் எல்லாரும் எம் பேரைத்தான் பாக்குறாங்களா?”

“ஆமாங்க ஐயா” என்றார் பெரிய டீச்சர்.

“அப்ப இன்னும் நாலஞ்சு போடச் சொல்லுங்க.”

நாற்காலியைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஜூன் ஆர்டரைப் பற்றிய கவலை எங்களுக்கு அத்துடன் தீர்ந்தது. ஜூனில் அவர் பேச்சில்லாமல் கையெழுத்தும் போட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை. பெரிய டீச்சர் தலைவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்ததால் எங்கள் அணியில் தடுக்க ஆள் இல்லை. மூணடி டீச்சரே சேலையைச் செருகிக்கொண்டு இறங்கியிருந்தார். கப்பலேறியபின் அவர் ஆடிய முதல் மேட்ச் அது. மாணவிகளின் பந்து ஒன்று உயரமாக வளையத்தை நோக்கி வந்தது. அவர் எழும்பினார். அந்த உயரத்துக்கு மனிதர் எழும்பி நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு கையிலும் பந்தோடு இறங்கி, ஊன்றிய கால் அசையாமல் நின்றார்.

எறியவில்லை. பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மொட்டைக் கம்பத்தையும் கைதட்டுகிற ஊரையும் பார்த்துக்கொண்டே நின்றார். மாணவிகள் மூன்றடி தள்ளிக் காத்திருந்தார்கள். விசில் என் பல்லிடுக்கில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே உறைத்தது.

“கணக்கு டீச்சர், மூணு செகண்டு எப்பவோ போயிருச்சு. ஊதுங்க.”

விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.

“என் கணக்குல இன்னும் ஆகலைங்க டீச்சர்.”