சிரிப்புக்குக் கேட் போட்ட சிக்னல் அங்கிள்

உலகத்திலேயே சிரிப்புக்கு லெவல் கிராசிங் கேட் போட்ட ஒரே மனிதர் பிரிக்பீல்ட்ஸ் சிக்னல் அங்கிள்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்ததால் அதை யாரும் தேடவில்லை. "சிக்னல் வீடு" என்று எழுதினாலே கடிதம் போய்ச் சேரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பகலில் ஆபீசில் குமாஸ்தா. மாலையில் அங்கிளின் ரோபோவுக்கு மாடல். ஆமாம், மனிதர் வீட்டில் ஒரு ரோபோ செய்துகொண்டிருந்தார். கை கால் கிடையாது, முகம் மட்டும்தான். மளிகைக் கடையில் பிஸ்கட் போட்டு வைப்பார்களே, முன்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்த தகர டின், அதுதான் தலை. பிங்பாங் பந்துகள் கண்கள். ஷூ பிரஷை இரண்டாக அறுத்துப் புருவம். சைக்கிள் டியூப் உதடு. சாலாக் செலாத்தானில் ஒரு பழைய கார்ப் பட்டறையில் கெஞ்சி வாங்கிய வைப்பர் மோட்டார்கள் இதையெல்லாம் ஆட்டிவைக்கும். பெயர் ராசா.

வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அங்கிளின் மனைவி ஆன்டிக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. அன்றிலிருந்து விருந்தாளி வந்தால், குசினி என்று அவர்கள் சொல்லும் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொள்வார். நாலு பேர் வாயசைத்துச் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று பயம். தெருவே வந்து சாப்பிட்டுப் போகும் அந்த வீட்டுத் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் நின்றே போய்விட்டது. இந்தத் தீபாவளிக்கு எப்படியாவது ஆன்டியை ஹாலில் நாலு பேரோடு உட்கார வைத்துவிட வேண்டும் என்று அங்கிள் ஒற்றைக் காலில் நின்றார். வாசலில் யார் வந்தாலும் ராசா முகத்தாலேயே ஆன்டிக்குச் சொல்லிவிடுவான் என்பது திட்டம்.

முகபாவம் படிப்பதற்காக லீவு நாட்களில் கிள்ளான் ரயிலில் ஏறிவிடுவார். எதிர் சீட்டுக்காரர்களை இமைக்காமல் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். ஒருமுறை ஒரு சீனப் பாட்டி குடையை ஓங்கிவிட்டார். அடிபடாமல் தப்பியதைப் பற்றி அங்கிள் பேசவே இல்லை.

"கோபம் வந்தால் இடது புருவம்தான் தம்பி முதல்ல ஏறுது!" என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

சோகத்துக்கு நான்.

"தம்பி, நீர் லீவு கேட்டு மனேஜர் தரேல்ல எண்டு நினையும்."

நினைத்தேன்.

"இது காணாது. தீபாவளிக்கும் இல்லை எண்டு நினையும். ஆ, இதுதான்! அசையாதையும்!"

ஞாயிறு மதியங்களில் இருவரும் ராசாவுக்கு எதிரே உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஜன்னல் வெயில் அந்த வட்டக் கண்ணாடியில் மெல்ல நகரும். தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது தரை லேசாக அதிர்ந்து, ராசாவின் உதடு எதையோ சொல்ல வருவது போல நடுங்கும். "என்னடா ராசா?" என்று அங்கிள் குனிந்து கேட்பார். நானும் பதிலுக்காகக் காத்திருந்தேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தீபாவளி வந்தது. முன்கேட்டில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். கேட் திறந்தால் ராசாவின் புருவம் ஏறும். வந்தவர் உள்ளே வந்து கேட்டைச் சாத்தினால் புருவம் இறங்கிச் சிரிப்பான். சாத்தாமல் சிரிப்பு வரவே வராதபடி உள்ளே ஒரு பூட்டு. லெவல் கிராசிங் கேட் மூடாமல் ரயிலுக்குப் பச்சை விளக்குக் காட்டக் கூடாது அல்லவா? முப்பது வருடப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? ஓப்பன் ஹவுஸ் அன்று கேட்டை யாரும் சாத்த மாட்டார்கள் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை. என் மூளைக்கும்தான்.

காலையில் திறந்த கேட் திறந்தபடியே கிடந்தது. வந்த அத்தனை பேரையும் ராசா, 'நீ எதுக்கு வந்தே?' என்பது போல முறைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன லா அங்கிள், சாப்பிட வந்ததுக்கு இப்படிப் பார்க்குது?" என்றார் பக்கத்து வீட்டு லோரி டிரைவர், எடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு.

அங்கிளுக்கு வியர்த்துக் கொட்டியது. "கேட் திறந்து கிடக்குது. சாத்தாமல் அவன் சிரிக்கேலாது! சிரிச்சால் எப்பிடி இருக்கும் எண்டு பாரும்!" என்று இரண்டு விரல்களை வாயில் விட்டு, உதட்டைக் காதுவரை இழுத்துக் காட்டினார். புருவங்களையும் ஆட்டினார்.

கூட்டம் சிரித்தது. அந்த நேரம் பார்த்து ஆன்டி சமையலறை வாசலில் எட்டிப் பார்த்தார். முறைக்கும் டின். பக்கத்தில் விரலை வாயில் விட்டுக்கொண்டு நிற்கும் கணவர். எல்லாரும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆன்டியும் சிரித்தார். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் தெருமுனைவரை கேட்கும்படி சிரித்தார்.

அங்கிள் கேட்டைக் காட்டினார். ஆன்டி லோரி டிரைவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சாத்த வைத்தார். ராசாவின் உதடு கோணலாக விரிந்தது. ஹாலே கைதட்டியது. அப்புறம் ஆன்டி ராசா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் "கேட்! கேட்!" என்று விரட்டிக்கொண்டே பலகாரம் கொடுத்தார். கடைசி விருந்தாளி போகும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நான் ஸ்க்ரூடிரைவரோடு போனேன். "அங்கிள், அந்தப் பூட்டை எடுத்துடலாம். கேட் திறந்திருந்தாலும் ராசா தானா சிரிப்பான்."

அங்கிள் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். ஆன்டி ராசாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தம்பி. அவன் தானாச் சிரிச்சால், இவ திரும்பவும் குசினிக்குள்ள போயிடுவா."

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் வாடகைக்கு இருந்துவிட்டேன். காலி செய்யும்போது நான் அழுதது அந்த ஒரு வீட்டில்தான்.