கண்டக்டரின் முதுகுப்பக்கம்

"என்ன ஆனாலும் குனியாதீங்க," என்றாள் மனைவி மௌரீன். "பின்தையலைப் பிரிச்சு அரை இஞ்ச் விட்டிருக்கேன். அதுக்கு மேல பேண்ட்ல துணியே இல்ல."

ஓஸ்வால்ட் வயிற்றை எக்கிக்கொண்டு மேடையேறினார். பெங்களூர் அல்சூர் சர்ச் ஆர்க்கெஸ்ட்ராவில் காலமெல்லாம் கடைசி வரிசை வயலின் வாசித்தவர். பழைய கண்டக்டர் மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டதால், இந்த 1996 கிறிஸ்துமஸுக்குத்தான் முதன்முதலாக அவர் கைக்கு வாத்தியக்காரர்களை நடத்தும் கோல் வந்திருந்தது.

"இன்னிக்கு ஒழுங்கா நடந்தா நீங்கதான் நிரந்தரம். இல்லேன்னா வேற ஆளப் பாக்கணும்," என்று சொல்லியிருந்த கமிட்டித் தலைவர் உத்தமன், முன்வரிசை நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஓஸ்வால்ட் கழுத்தை மட்டும் ஆட்டிச் சபையை வணங்கினார். வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பினார். வியர்த்த கையிலிருந்து கோல் நழுவி டிரம்பெட் லாயிடின் காலடியில் உருண்டது.

குனிந்தேவிட்டார். யார் எதைத் தவறவிட்டாலும் எடுத்துக் கொடுக்கப் பாய்கிற நல்ல மனசு லாயிடுக்கு. அவனும் குனிந்தான். இருவர் மண்டையும் மோதின.

டர்ர்ர்!

ஓஸ்வால்டுக்கு உயிரே போயிற்று. மற்றவர்களுக்குக் கிழிந்தால் சுவரோரமாக நின்றுகொள்ளலாம். கண்டக்டருக்கோ சபைக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் தொழிலே.

கோட்டைக் கீழே இழுத்து மறைக்கப் பார்த்தார். பொத்தான் தெறித்து வயலின் ஆஞ்சலாவின் மடியில் விழுந்தது. பக்கவாட்டில் திரும்பி நின்றார். அவர் முகம் தெரிந்த பாதிப்பேர் வாசிக்க ஆரம்பித்தார்கள். மீதிப்பேர் முழித்தார்கள்.

'ஆண்டவரே, மானத்தைக் காப்பாத்தும்!' என்று வேண்டிக்கொண்டு, முழுசாகச் சபைப்பக்கம் திரும்பிவிட்டார்.

வயலின்களுக்காகக் கையை உயர்த்தினார். சபையின் முன்வரிசை எழுந்து நின்றது. பதறிக் கையைத் தாழ்த்தினார். உட்கார்ந்தது. 'மெதுவாக' என்று உள்ளங்கையைக் காட்டினார். ஆசீர்வாதம் என்று நினைத்துச் சுப்புலக்ஷ்மி டீச்சர் கண்மூடிக் கும்பிட்டார்.

டிரம்பெட் சோலோ வந்தது. பழக்கதோஷத்தில் ஓஸ்வால்ட் கோலை நேரே நீட்டினார். அது உத்தமனைக் காட்டியது.

"நானா?"

"நீங்கதான் சார்! பாடுங்க, நாங்க ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. உத்தமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார், பாடியே விட்டார். ஜனம் மொத்தமும் கூடச் சேர்ந்துகொண்டது. மேடையில் லாயிட் எழுந்து நின்று ஊதிய டிரம்பெட் மட்டும் யாரும் பார்க்காமலே தேனாக ஒலித்தது.

கைதட்டல் அடங்கவே இல்லை. ஓஸ்வால்ட் சபைக்கு முகத்தைக் காட்டியபடியே நண்டு மாதிரிப் பின்னால் நகர்ந்து, திரைக்குப் பின்னே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

உத்தமன் மூச்சு வாங்க ஓடிவந்தார். "நீங்கதான் நிரந்தரம்! ஆனா ஒண்ணு, எப்பவும் எங்களப் பாத்துதான் நடத்தணும்."

அவர் போனதும் மௌரீன் வந்து கணவரைச் சுவரிலிருந்து பிடுங்கித் திருப்பினாள்.

"என்னத்துக்கு இந்தக் கூத்து? ஒரு நூல்கூடப் பிரியலையே!"

ஓஸ்வால்ட் வாய் திறப்பதற்குள், இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு லாயிட் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இடுப்புலேர்ந்து முழங்கால் வரைக்கும் கிழிஞ்சது என் பேண்ட்டுன்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? நான் எழுந்து நிக்கிறப்ப ஒருத்தரும் என்னப் பாக்கக்கூடாதுன்னு, எனக்காக உங்க மானத்தையே விட்டுக்குடுத்துட்டீங்களே!"