வலக்கைக்கு மட்டும் விடுப்பு

ஒரு தாலுகா கச்சேரியின் மூளை எங்கே இருக்கிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதன் மூச்சு பங்காவில் இருக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு கச்சேரியில், யுத்தகாலச் சித்திரை வெயிலில், தாசில்தார் தலைக்கு மேலே தொங்கிய அந்தத் துணி விசிறியின் கயிற்றை நாள்முழுதும் இழுத்தவன் முருகையன்.

ஒருநாள் அவன் வலக்கை தோள்முதல் விரல்வரை வீங்கி, நாவற்பழ நிறமாயிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் வேணுகோபால் பார்த்தார்.

"இழுத்து இழுத்து, அக்குள்ல ஓடுற ரத்தக்குழாய் நசுங்கி, உள்ளே ரத்தம் தயிரா உறைஞ்சிருக்கு. அது பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போச்சுன்னா ஆளே போயிடுவே. கையை உசத்தி வெச்சுக்கிட்டு சும்மா இரு."

முருகையன் விடுப்புக் கேட்டான். தாசில்தார் அய்யம்பெருமாள் சட்டப்படி விசாரித்தார்.

"வியாதி எந்தக் கையில?"

"வலது கையிலங்க."

"மத்ததெல்லாம்?"

"எசமான் புண்ணியத்துல நல்லா இருக்குதுங்க."

"நல்லா இருக்கிறதுக்கு எப்படிடா விடுப்பு கொடுக்கிறது?"

உத்தரவு பிறந்தது: வலக்கைக்கு மட்டும் விடுப்பு, ஏனைய அவயவங்கள் வழக்கம்போல் ஆஜராகவேண்டியது.

மறுநாள் முருகையன் இடக்கையால் இழுத்தான். ஹெட் கிளார்க் சின்னதுரை ஒரு விதிமீறலைக் கண்டார். விடுப்பிலிருக்கும் கை கச்சேரிக்குள் இருக்கலாமா? வலக்கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, டாக்டர் சொன்னபடி உசத்தி, கம்பியில் துண்டால் கட்டினார்கள்.

பட்டாவுக்கு அலைந்த திருமானூர் விவசாயி ஒருவர், கச்சேரியிலிருந்து நீண்ட கையைப் பார்த்தார். அனுபவஸ்தர். மடியிலிருந்த காசு முடிச்சை அதில் வைத்தார்.

"ஐயா, இது சீக்காளிக் கைங்க" என்றான் உள்ளிருந்து முருகையன்.

"அங்க யாரு கைதான் சீக்கில்ல? வெச்சுக்கப்பா."

முடிச்சு சின்னதுரையிடம் போயிற்று. சாயங்காலமே பட்டா வந்தது. விடுப்பிலிருக்கும் கை வாங்குவதைச் சர்க்கார் ஊழியர் வாங்கியதாகக் கொள்ள முடியாது என்று தாசில்தார் தீர்ப்பளித்தார். அந்த வாரமே சிப்பந்திகள் அனைவருக்கும் வலக்கை வலி கண்டது. சன்னல்தோறும் கைகள். இடக்கையால் எழுதியதை யாராலும் படிக்க முடியவில்லை, முன்பும் முடிந்ததில்லை. ஜனங்களுக்குப் பரம திருப்தி, உள்ளே போய்க் கும்பிடும் வேலை மிச்சம். அரியலூர் மைனர்கள் பட்டுத்துண்டில் வலக்கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் உலாவினார்கள்.

முருகையனுக்கு இப்போது இடக்கையும் வீங்கியது. மனைவி முத்தாயி அழுதுகொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் கோபமாகக் கச்சேரிக்கு வந்தார்.

"சன்னலுக்குப் போங்க சார்" என்றான் வாசல் சேவகன்.

சன்னலில் சின்னதுரையின் கை இருந்தது. டாக்டர் அதனிடம் ரத்தம் உறைவதைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார். கை அசையவில்லை. கடைசியில், மெடிக்கல் சர்டிபிகேட்டுக்காக யாரோ தமக்குக் கொடுத்திருந்த முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை எடுத்து அதில் வைத்தார்.

உடனே உத்தரவு வந்தது: இடக்கைக்கு விடுப்பு, வலக்கை போதிய ஓய்வு பெற்றுவிட்டபடியால் இன்றே பங்காவுக்குத் திரும்பவேண்டியது.

டாக்டர் அதை இரண்டுமுறை படித்தார். பிறகு முத்தாயியிடம் மெல்லக் கேட்டார்:

"உங்க வூட்ல முந்திரி இருக்காம்மா?"