என் பெயரில் துடித்த இதயம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்கள் நலமா? என் நலத்தைப் பற்றி எழுதவில்லை. அதுதான் உங்கள் சுகாதாரத் துறையின் கணினியில் இருக்கிறதே.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் வீட்டு விருந்தில், "இவருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்" என்று என்னை அறிமுகப்படுத்தியதை மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை. ஐம்பது வயது தாண்டிய அரசு ஊழியர்கள் எல்லாம் உங்கள் துறையின் செயலியைப் போனில் போட்டு, கையில் நாடி பார்க்கும் பட்டை கட்டவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். நான் எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், யாரைக் கண்டால் என் நாடி எகிறுகிறது என்பதெல்லாம் முகம் தெரியாத ஒரு குமாஸ்தாவுக்கு எதற்கு? நாலு பக்கம் ஆட்சேபம் எழுதினேன். 'பெறப்பட்டது' என்று முத்திரை வந்தது. சரிதான் என்று போனை வீட்டில் வைத்துவிட்டு, பட்டையை உங்கள் தங்கை கையில் கட்டினேன். சமையலறைக்கும் மாடிக்கும் நடக்கிறவளிடம் அரசாங்கம் என்ன கண்டுபிடித்துவிடும்? அவளும் வாட்ச் மாதிரி நன்றாயிருக்கிறது என்று போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் சுகாதார நிலையத்துச் செவிலியர் வாசலில் வந்து நின்றார். "சார், நாலு நாளா உங்க இதயத்துடிப்பு தாறுமாறா இருக்கு. உடனே கிளம்புங்க." தனியுரிமை பற்றி அரைமணி நேரம் பேசும் தெம்போடு வாயைத் திறந்தேன். அப்போதுதான் மாடிப்படியில் துணிக்கூடையோடு மூச்சுவாங்க நின்றவளின் மணிக்கட்டு கண்ணில் பட்டது.

"அது என் துடிப்பு இல்லம்மா" என்றேன்.

அந்தம்மா ஒரு சொல் திட்டவில்லை. ஆட்டோ வரவழைத்து அவளை ஏற்றினார். பரிசோதனை அறைக்குள் நானும் நுழையப் போனபோது மட்டும் தடுத்தார். "அவங்க உடம்பு விஷயம், முதல்ல அவங்ககிட்டதான் சொல்வேன். உங்ககிட்ட சொல்லலாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்." நான் நாலு பக்கத்தில் எழுதியதை இரண்டு வரியில் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். இருபது நிமிஷம் வெளியே பெஞ்சில் கிடந்தேன். இப்படியொரு மனுஷியை உங்கள் துறையில் யார் தெரியாத்தனமாக வேலைக்கு எடுத்தார்கள்? பிறகு கூப்பிட்டார். "சொல்லலாம்னாங்க." இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பக்கவாதத்தில் முடிந்திருக்குமாம்; இப்போது மாத்திரையில் அடங்கியிருக்கிறது.

ஆகவே அந்தச் செவிலியரைத் துறை முறைப்படி பாராட்டவேண்டும். என் பெயரில் உள்ள பதிவுகளை அடியோடு அழிக்கவேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும், விட்டுவிட முடியாததால் தங்களுக்கும், என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: அழிக்கவேண்டாம். அவளுக்குப் புதுப் பட்டை கொடுத்துவிட்டார்கள். பழையதை இன்று காலை என் கையில் கட்டிவிட்டாள். "அண்ணன் பேரை எடுத்தாலே உங்களுக்கு எகிறுதே, எவ்வளவுன்னு பாப்போம்" என்றாள். கடிதத்தைத் தொடங்கும்போது நாடி நூற்றுப் பதினெட்டு. கையெழுத்துப் போட்டபோது எழுபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை நேரில் வாருங்கள். எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிடலாம்.