குருவிக்குப் பதில் மச்சான்

அன்றைக்கு நார்த்தாமலைக் காட்டில் இருந்தவர்கள்: ரேஞ்சர் ஐயா, திருச்சியிலிருந்து வந்த காலேஜ் வாத்தியார், நான், இலுப்பை மரத்துக்குள் ஒளிந்திருந்த என் மச்சான். கடைசியில் வந்து சேர்ந்த ஒரு குருவி. ஆக மொத்தம் ஐந்து உருப்படிகள். அதில் யோக்கியமாக நடந்துகொண்டது குருவி ஒன்றுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கவலைப்படுவதில் மட்டும் பி.ஏ. வரைக்கும் போயிருந்தேன். பஸ் வராவிட்டால் எங்கே கவிழ்ந்ததோ என்று கவலை. வந்துவிட்டால், ஏறிய பிறகு எங்கே கவிழுமோ என்று கவலை.

அப்போது அணா போய் நயா பைசா வந்த புதிது. காட்டில் எனக்கு வாட்ச்சர் வேலை, அதுவும் டெம்பரவரி. ஆனால் கல்யாணப் பேச்சில் 'நிரந்தரம்' என்று சொல்லித்தான் பெண் எடுத்திருந்தேன். (சொன்னது என் சித்தப்பா. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.) மாமனார் மாதம் தவறாமல் வந்து, "அந்த ஆர்டர் காயிதத்தை ஒரு நாளைக்குக் காட்டுங்க மாப்ளே" என்பார். நான் உடனே காட்டில் அவசர வேலை என்று கிளம்பிவிடுவேன்.

இந்த நேரத்தில்தான் காட்டில் ஒரு சின்ன மரங்கொத்தியைப் பார்த்தேன். சிட்டுக்குருவி அளவுதான். பழுப்பு முதுகில் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல வெள்ளைப் பட்டைகள். மற்ற மரங்கொத்தி மாதிரி அடிமரத்தில் ஏறாமல், விரல் தடிமன்கூட இல்லாத காய்ந்த குச்சியின் நுனியில் தலைகீழாகத் தொங்கிப் பூச்சி பொறுக்கியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ரேஞ்சர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தம் சிநேகிதரான காலேஜ் வாத்தியாருக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

"அவரு பத்து வருசமா இதைத் தேடுறாரு. நீ மட்டும் காட்டிட்டேன்னா, ஒன் பேரை பெர்மனென்டுக்கு நானே எழுதி அனுப்புறேன்" என்றார் ஐயா.

அன்றோடு குருவியைக் காணோம். மூன்று நாள் தேடினேன். விராலிமலைப் பக்கம் போயிருக்குமோ, பருந்து தூக்கியிருக்குமோ என்று சோறு இறங்கவில்லை. விடிந்தால் வாத்தியார் வருகிறார் என்ற நிலையில் மச்சானிடம் போய் விழுந்தேன். என் பெண்சாதியின் அண்ணன். கல்யாணங்களுக்குத் தவில் வாசிப்பவர்.

"மரத்துல ஏறி ஒளிஞ்சுக்கிட்டுக் குச்சியால தட்டுங்க மச்சான். சத்தம் கேட்டா குருவி எலைக்குள்ள இருக்குன்னு நெனச்சுக்கிட்டு எழுதிட்டுப் போயிருவாரு."

"நான் மேளக்காரன் மாப்ளே. கூலி இல்லாம குச்சியத் தொட மாட்டேன்."

"ரெண்டு ரூவா தாரேன். ஒங்க தங்கச்சி வாழ்க்கை மச்சான்!"

"தங்கச்சிக்காகத்தான் ரெண்டு ரூவா. வேத்தாளுன்னா அஞ்சு" என்றார்.

மறுநாள் காலை, இலுப்பை மரத்திலிருந்து இருபதடி தள்ளி மூவரும் நின்றோம். நான் கனைத்தேன். அதுதான் சைகை. டொக், டொக், டொக்.

வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். "இது சின்னது தட்டுற சத்தம் இல்லையே. அது தட்டினா நகத்தால பென்சிலைத் தட்டுற மாதிரி இருக்கும். இது ஆசாரி நிலைக்கதவு மாட்டுற சத்தம்."

"இந்தப் பக்கத்துக் குருவி கொஞ்சம் நல்லாச் சாப்பிடும் சார்" என்றேன். (இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

கால் மணி நேரம் ஒரே மாதிரி தட்டியதில் மச்சானுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. திடீரென்று டொக்குகள் நெருங்கின. நெருங்கி, மடங்கி, ஒரே கோவை மூன்று முறை சுற்றி வந்து 'டொக்'கென்று முடிந்தது. கச்சேரியில் தவில்காரர் முடிக்கும்போது வைப்பாரே தீர்மானம், அதேதான்.

நான் ஓரக்கண்ணால் ரேஞ்சர் ஐயாவைப் பார்த்தேன். தஞ்சாவூர்க்காரர். சங்கீதப் பைத்தியம். அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, மரங்கொத்திக்குத் தவில் யாரு சொல்லிக்கொடுத்தது?"

"குடுமியான்மலையில பாறையிலயே சங்கீதம் வெட்டி வச்சிருக்காங்க சார். பக்கத்துக் காட்டுக் குருவிக்கு வராதுங்களா?"

இதோடு போயிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ரேஞ்சர் ஐயா தம்மை மறந்து, "பேஷ்! பேஷ்!" என்று சொல்லிவிட்டார்.

பாராட்டைக் கேட்டுச் சும்மா இருக்கக் கூடியவரா என் மச்சான்? இலைக்குள்ளிருந்து பணிவான குரல் வந்தது:

"இன்னொரு நடை வாசிக்கட்டுங்களா ஐயா?"

நான் தடாலென்று ஐயாவின் காலில் விழுந்தேன். முகம் மண்ணில். "மன்னிச்சிருங்கய்யா! பெர்மனென்டுன்னு சொல்லிப் பொண்ணெடுத்துட்டேங்கய்யா! மாமனாரு காயிதம் கேக்குறாருய்யா!" என்று, யாரும் கேட்காததையெல்லாம் வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

"உஸ்!" என்றார் வாத்தியார்.

எனக்குத்தான் என்று நினைத்து வாயை மூடினேன். ஆனால் அசையவில்லை. எங்கோ மெல்லிசாக ஒரு 'கிர்ர்ர்'. எழுந்திரு என்று யாரும் சொல்லாததால் அப்படியே கிடந்தேன்.

நடந்ததை மச்சான் சொல்லித்தான் அறிந்தேன். சின்னக் குருவிகளின் கூட்டம் ஒன்று அந்தப் பக்கமாக வந்திருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு நம் ஆளும் வந்து, மச்சான் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளிக் காய்ந்த குச்சியில் உட்கார்ந்திருக்கிறது. விறைப்பான வாலை மூன்றாவது காலாக ஊன்றிக்கொண்டு, 'கிர்ர்ர்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தட்டும் சத்தமே இல்லாமல் கொத்தித் தின்றிருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் ஊசியால் கீறினாற்போல ஒரு சிவப்புக் கோடு. "ஆம்பளை! ஆம்பளை!" என்று வாத்தியார் கிசுகிசுத்தாராம். பத்து வருஷத் தேடல், கண் கலங்கிவிட்டாராம்.

காட்டில் இருந்த நால்வரில் அதைப் பார்க்காதவன், கண்டுபிடித்த நான் மட்டும்தான்.

"எந்திரிய்யா" என்றார் ஐயா கடைசியில். "கெவர்மென்டு ஒனக்குச் சம்பளம் குடுக்குறது குருவியப் பாக்குறதுக்கு. குருவி செய்யுறதுக்கு இல்லை."

அவர் என் பெயரை எழுதத்தான் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து. மச்சானை மட்டும் அடுத்த மாதமே தம் பெண் கல்யாணத்துக்குத் தவில் வாசிக்கக் கூப்பிட்டார். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் இந்தக் கதையை அவிழ்த்துவிட, என் டெம்பரவரி விஷயம் மாமனார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதன்பிறகு காயிதம் கேட்கவில்லை. "குருவி சௌக்கியமா மாப்ளே?" என்றுதான் கேட்பார். அதற்குக் காயிதமே கேட்டிருக்கலாம்.

என் மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் ஓய்ந்ததும், மச்சான் என்னைப் பார்த்துத் தவிலின் விளிம்பில் டொக், டொக், டொக் என்றார். தாலி கட்டிய மாப்பிள்ளையைத் தவிர மண்டபமே சிரித்தது. (அவருக்கும் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டார்கள்.)

கூலியை நான் இன்னும் கொடுக்கவில்லை. பேசியது ரெண்டு ரூபாய்; தீர்மானத்துக்குத் தனியாக அரை ரூபாய் என்கிறார் மச்சான். தீர்மானம் யார் கேட்டது என்கிறேன் நான். இத்தனை வருஷமாக வழக்கு அங்கேயே நிற்கிறது. ஆனால் ஒன்று. மண்ணில் கிடந்தபோதும் காதில் அந்தத் தீர்மானம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் வாசித்திருந்தார் மனுஷன். ஆகவே இன்று ஒப்புக்கொள்கிறேன்: மச்சானுக்கு என் பாக்கி இரண்டரை ரூபாய்.