ஸ்வீடன் அண்ணனும் தொப்பூர் இறக்கமும்

சாவுக்கு அஞ்சாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அஞ்சி நடுங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எமனே எருமையை ஓட்டிக்கொண்டு நேரில் வந்து நின்றாலும், ‘மொதல்ல பெல்ட்டப் போடுங்க, அப்புறம் பேசலாம்’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆசாமி எனக்குத் தெரிந்து தர்மபுரி ஸ்வீடன்தான்.

ஸ்வீடன் என்பது அவர் பெயரில்லை. ஆசாமி அந்த நாட்டுப் பக்கம் போனதுமில்லை. எட்டிப் போனது ராமநகரம் வரைக்கும்தான். தர்மபுரி அங்காடியில் பட்டுக்கூடு ஏலம் எடுத்துக் கர்நாடகத்து நூற்பு ஆலைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். வேளாண்மை அலுவலகத்தில் என்னை மாயவரத்திலிருந்து பிடுங்கித் தர்மபுரியில் நட்டார்கள். குமாரசாமிப்பேட்டையில் எனக்கு வாடகை வீடு கிடைத்தது. எதிர்வீடு அவருடையது.

நான் குடிபோன கொஞ்ச நாளில்தான் அவர் அந்த ஸ்வீடன் நாட்டுக் காரை வாங்கினார். பெங்களூரில் ஒரு பட்டு வியாபாரி ஓட்டிக் கழித்தது. கம்பெனியின் பெயரை நான் சொல்லவில்லை, விளம்பரமாகிவிடும். நம் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் சின்னக் குழந்தைக்கும் பெங்களூர் ஏசி பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் தெருவில் முதலில் பரவிய செய்தியே வேறு.

“கூட்டுக்காரரு பஸ்சு வாங்கிட்டாராமே! எந்த ரூட்டுக்கு வுடறாரு?”

வந்து நின்றது கார் என்றதும் பாதிப் பேருக்கு ஏமாற்றம். அதன் முகத்தில் இரும்புப் பட்டை ஒன்று மேலிருந்து கீழே சாய்வாக ஓடும். பூ விற்கும் கண்ணம்மா அதைப் பார்த்துவிட்டு, “காருக்குப் பூணூல் போட்டுட்டாங்களா?” என்றாள்.

“பூணூல் இல்ல கண்ணம்மா, பெல்ட்டு! வண்டியே பெல்ட்டு போட்டிருக்குது பாரு. நமக்கென்ன கேடு?” என்றார் அவர்.

அன்றிலிருந்து தெருவில் யார் கிடைத்தாலும் ஸ்வீடன் சரித்திரம்தான். பேரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். இப்போது எல்லாக் காரிலும் இருக்கிறதே, தோளிலிருந்து இடுப்புக்கு வரும் பெல்ட், அதைக் கண்டுபிடித்தது அந்தக் கம்பெனி இன்ஜினீயர்தானாம். கண்டுபிடித்துவிட்டு, ‘இது எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் செய்து போட்டுக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

“கூடப் பொறந்த அண்ணந் தம்பியே வரப்புல ஒரு சாண் வுட்டுக் குடுக்க மாட்டேங்கறான் சார். இவங்க உலகத்துக்கே வுட்டுக் குடுத்திருக்காங்க.”

“கம்பெனி பேருக்கு என்னண்ணா அர்த்தம்?” என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

அவர் முகம் சுருங்கியது. “லத்தீன்ல ‘நான் உருளுறேன்’னு அர்த்தமாம். சக்கரம் உருளுறதைச் சொல்றாங்க. வண்டி உருளாது. இத எங்க வூட்டுல சொல்லிடாதீங்க.”

அவர்கள் நாட்டில் ரோட்டுக்குக் குறுக்கே எருமை மாதிரி மான் வருமாம். அதன்மீது மோதினாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்களாம். “பென்னாகரம் தாண்டினால் நமக்கு யானையே வருமே?” என்றேன். “அதுக்குத்தான் நான் அந்தப் பக்கம் போறதே இல்ல” என்றார்.

அந்தக் காருக்கு ஒரு குணம். முன் இருக்கையில் கனமாக எதை வைத்தாலும், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்லிக் கத்தும். ஒருமுறை நல்லம்பள்ளியிலிருந்து கேழ்வரகு மூட்டையை முன் இருக்கையில் வைத்துக் கொண்டுவந்தார். வேறொருவராக இருந்தால் மூட்டையைப் பின்னால் தள்ளியிருப்பார். இவர் மூட்டைக்கு பெல்ட் மாட்டிவிட்டார். நாலு ரோட்டில் போக்குவரத்துக் காவலர் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு, “மூட்டை எகிறிக் குதிச்சு ஓடிருமாங்க?” என்று கேட்டாராம். “உள்ள ஏறிட்டா எல்லாம் ஒண்ணுதாங்க” என்றிருக்கிறார் நம்மவர்.

குளிர்நாட்டு வண்டியல்லவா, இருக்கையைச் சூடாக்க ஒரு பொத்தானும் இருந்தது. சித்திரை வெயிலில் எங்கள் தெரு ஹெட்மாஸ்டரை பொம்மிடிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஹெட்மாஸ்டரின் முழங்கை அந்தப் பொத்தானில் பட்டிருக்கிறது. கொஞ்ச தூரத்தில் அவர் நெளிய ஆரம்பித்தார். மரியாதைக்கு எதுவும் சொல்லவில்லை. பாதி வழியில் தாங்க முடியாமல், “வண்டிய நிறுத்துங்க, எனக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுது. அடியிலருந்து காய்ச்சல் அடிக்குது!” என்று அலறிவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும் மீதி வழியை அவர் ரயிலில்தான் போவேன் என்றார். அந்த இடத்தில் ரயில் ஸ்டேஷன் இல்லை.

இவ்வளவு பாதுகாப்பான காரை அவர் ஓட்டுகிற வேகம் இருக்கிறதே! கரும்பு வண்டி அவரைத் தாண்டிப் போகும். கரும்பு வண்டிக்குப் பின்னால் கரும்பை உருவிக்கொண்டு நடக்கும் பிள்ளைகளும் தாண்டிப் போவார்கள். முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்ப்பதுதான் அதிகம். லாரி வந்தால் ஓரம் கட்டி வழிவிட்டு, அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கிளம்புவார்.

இப்படி ஒரு மனிதர் இருந்தால் தெரு சும்மா இருக்குமா? காரணம் கண்டுபிடித்தது. சின்ன வயதில் கூடப் பிறந்தவர் விபத்தில் போய்விட்டார் என்றது ஒரு கட்சி. இல்லை, உயிர் நண்பர் இவர் மடியிலேயே உயிரை விட்டார் என்றது இன்னொரு கட்சி. எனக்கும் மனசு கனத்துப் போய், ஒருநாள் அவர் மனைவி சரோஜா அக்காவிடம் பக்குவமாகக் கேட்டேன்.

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சுத்தப் பயந்தாங்கொள்ளி. எங்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக் கார்ல ஏற மாட்டேன்னுட்டு, மாலையும் கழுத்துமா நடந்தே வந்தாரு. மோளக்காரங்க பின்னாலயே ஓடியாந்தாங்க.”

தெருவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. சோகக் கதையையே வைத்துக்கொண்டது.

என் மனைவி வசந்திக்கு அது நிறைமாதம். ஒருநாள் காலையில் பரிசோதித்த டாக்டர், குழந்தை குறுக்கே திரும்பிக் கிடக்கிறது, இன்றைக்கே சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வந்து வாசலில் நிறுத்தினேன். எதிர்வீட்டிலிருந்து ஸ்வீடன் வந்தார். நேராக அந்த வண்டியின் பின்கதவைத் திறந்து, சீட்டு உறைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“பின்னாடி பெல்ட்டு எங்கப்பா?”

“உறைக்குள்ள போயிடுச்சுங்க. பின்னாடி யாருங்க போடறாங்க?” என்றார் டிரைவர்.

அவ்வளவுதான். டிரைவரை அனுப்பிவிட்டுத் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அண்ணா, இது விளையாட்டில்லை!” என்றேன்.

“அதத்தான் சார் நானும் சொல்றேன்.”

வசந்தியைப் பின்னால் உட்காரவைத்து, பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றின் மேல் படாமல் தொடையோரமாக இறக்கிப் போடச் சொன்னார். மேல்பட்டை மார்புக்கு நடுவே. அவர் கூச்சத்தோடு திரும்பி நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, சரோஜா அக்கா மாட்டிவிட்டார். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டிப்போட்டார். வண்டி கிளம்பியது. கிளம்பியது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

தொப்பூர் வருவதற்குள் வசந்திக்கு வலி எடுத்துவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். எங்களை டவுன் பஸ் தாண்டியது, டிராக்டர் தாண்டியது. நான் பொறுமை இழந்து கத்தினேன்.

“அண்ணா, மிதிங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!”

“நீங்க கத்துங்க சார், நான் கேட்டுக்கறேன். பின்னாடி ரெண்டு உசுரு இருக்குது. நான் மிதிக்க மாட்டேன்.”

‘மூணு உசுரு’ என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவர் கணக்கில் நான் இல்லை.

தொப்பூர் கணவாயைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு சரசரவென்று இறங்கும். டீசலை மிச்சம் பிடிக்க கியரை எடுத்துவிட்டு இறங்கும் லாரிகள் உண்டு. அப்படி இறங்கினால் சில நேரம் பிரேக் பிடிக்காது.

நாங்கள் பாதி இறக்கத்தில் இருந்தோம். ஸ்வீடன் வழக்கம்போல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “தலையச் சீட்டோட சாய்ச்சுக்குங்க” என்றார். அவர் குரல் அவ்வளவு நிதானமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பிப் பார்க்கப் போன என்னை, “திரும்பாதீங்க சார்!” என்று ஒரே அதட்டலாக அதட்டினார். அடுத்த நொடி அந்த மனிதர், அதுவரை நான் கெஞ்சியும் மிதிக்காத மனிதர், மிதித்தார். கார் எகிறிப் பாய்ந்து இடது பக்க மண்மேட்டை நோக்கி ஒதுங்கியது. அப்படியும் முழுதாகத் தப்பவில்லை. பின்பக்க மூலையில் இடி இறங்கியதுபோல் ஒரு சத்தம். கார் ஒரு சுற்று சுற்றி மண்மேட்டில் சாய்ந்தது. ஜன்னலோரத்திலெல்லாம் வெள்ளைப் பைகள் உப்பி வெடித்தன. பிரேக் பிடிக்காமல் பின்னால் வந்த லாரி எங்களைத் தாண்டிப் போய் நடுச்சுவரை உரசிக்கொண்டு கீழே நின்றது. அதன் டிரைவர் நொண்டிக்கொண்டே இறங்குவதைப் பார்த்தேன்.

வண்டிக்குள் புகை மாதிரி வெள்ளைத் தூள்.

“வசந்தி?”

“இருக்கேன்” என்றாள்.

முன்னாலிருந்து ஸ்வீடன், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “யாரும் பெல்ட்டக் கழட்டாதீங்க. வண்டி நிக்கட்டும்” என்றார்.

“அண்ணா, வண்டி நின்னுடுச்சுண்ணா” என்றாள் வசந்தி.

“நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சுண்ணா.”

“சரிம்மா” என்று சொல்லிவிட்டு, மனிதர் அப்படியே மயங்கி விழுந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. இருந்த ஒரு ஸ்ட்ரெச்சரில் வசந்தி. எதிர்ப் பெஞ்சில் ஸ்வீடனைப் படுக்கவைத்தார்கள். அவருக்கு ஒரு காயமில்லை, பயம்தான் என்றார் உடன் வந்த நர்ஸ். பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லண்ணா, பயப்படாதீங்க” என்று தேற்றிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தார். கூரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி முன்பக்கம் பார்த்துக் கேட்டார்.

“ஏங்க டிரைவரு, நீங்க பெல்ட்டு போட்டிருக்கீங்களா?”

அன்று மத்தியானம் சேலத்தில் ஆபரேஷன் செய்து எங்களுக்கு மகள் பிறந்தாள். தாயும் நலம், பிள்ளையும் நலம். வசந்தியின் தோளில் மட்டும் பெல்ட் பதிந்த சிவப்புத் தடம் கொஞ்ச நாள் இருந்தது. சரோஜா அக்கா பஸ் பிடித்து ஓடி வந்தார். குழந்தையைப் பார்த்தார், அழுதார், கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

“மயக்கம் போட்டு வுழுந்துட்டீங்களாமே?”

“வண்டி நின்னதுக்கு அப்புறம்தான் வுழுந்தேன்” என்றார் ஸ்வீடன், தலையைக் குனிந்துகொண்டு.

காரைப் பெங்களூருக்கு ஏற்றிப் போனார்கள். சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க நானும் கூடப் போனேன். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் நசுங்கக்கூட இல்லை. அவர் அதன் கூரையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார். “அதோட வேலைய அது முடிச்சிடுச்சு சார்” என்றார். வேறு கார் வாங்கவில்லை. அதற்குப் பிறகு பெங்களூருக்கு அதே கம்பெனி ஏசி பஸ்ஸில்தான் போய்வந்தார்.

குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்று வெள்ளிக் கொலுசு, தங்கக் காசு என்று எல்லோரும் கொண்டுவந்தார்கள். ஸ்வீடன் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். பிரித்தால் காரில் மாட்டுகிற குழந்தை இருக்கை. கைக்குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று அதற்கும் ஒரு சரித்திரம் சொன்னார்.

“பின்னாடி பாத்து உக்காந்தா கொழந்தைக்குத் தல சுத்தாதுங்களா?” என்று கேட்டாள் கண்ணம்மா.

“சுத்துனா சுத்தட்டும். கழுத்து நிக்கும்.”

“அண்ணா, எங்ககிட்ட காரே இல்லையே” என்றேன். “வாங்க மாட்டீங்களா பின்ன?” என்றார். கார் வாங்குவதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. அந்த இருக்கையைக் கூடத்தில் போட்டு, அதில் உட்காரவைத்துத்தான் மகளுக்குச் சோறு ஊட்டினோம். அப்போதும் பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று எதிர்வீட்டிலிருந்து வந்து பார்ப்பார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் எனக்கு மாயவரத்துக்கே மாற்றல் வந்தது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அன்று பெல்ட்டைப் பற்றி அவர் பேசவில்லை. பஸ் கிளம்பும்போது மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க” என்றார். பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார். “வந்து சேந்துட்டோம்ணா” என்றேன். “நல்லது சார்” என்று வைத்துவிட்டார்.

அது வழக்கமாகிவிட்டது. திருச்சி போனாலும், திருப்பதி போனாலும், காரில் போனாலும், ரயிலில் போனாலும், இறங்கியதும் அவருக்கு ஒரு போன். என் மகள் கல்லூரி விடுதிக்குப் போன அன்றுகூட, எங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குத்தான் சொன்னாள்.

போன வருஷம் ஸ்வீடன் காலமாகிவிட்டார். வண்டி வாகனம் எதிலும் இல்லை. சொந்தக் கட்டிலில், தூக்கத்தில்.

எங்களுக்குப் பழக்கம் விடவில்லை. இப்போது போனை எடுப்பது சரோஜா அக்கா.

“வந்து சேந்துட்டோம்க்கா.”

“சரிங்க, சொல்லிடறேன்” என்கிறார்.

யாரிடம் என்று நாங்கள் கேட்பதில்லை.